வெயில் ஏறுமுன்

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் பாவு விரிக்கிற நாள், விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆயிரக்கணக்கான பட்டிழைகளை இழுத்துக் கட்டுவார்கள். அறுந்ததைப் பிணைத்து, ஒட்டியதைப் பிரித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து நீவி, வெயில் உறைப்பதற்குள் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். எட்டு மணிக்கு மேல் போனால் வெறும் தெருதான் இருக்கும். ஏன் இந்த அவசரம் என்று சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறிட்டா இழை வெறைச்சுக்கும்பா. அப்புறம் தறியில பொட்டுப் பொட்டுன்னு அறுந்துனே இருக்கும்" என்றார்.

அதே மாமா இப்போது மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று தறிக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்குப் பாவும் ஊடையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலில் திரும்புவார். தகரக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, இறங்கின கையோடு சார்ஜரைச் செருகுவார். நூறு காட்டிய பிறகும் மறுநாள் காலை வரை அது அப்படியே கிடக்கும். பட்டிழைக்கு வெயில் ஆகாது என்று ஐம்பது வருடமாய் அறிந்த மனிதர், பேட்டரிக்கும் அது ஆகாது என்று யாரும் சொல்லாததால் அறியவில்லை. அவருக்குச் சொல்ல உட்கார்ந்து, பேச்சு நீண்டு, இந்த அத்தியாயம் ஆயிற்று.

பேட்டரியை மின்சாரம் ஊற்றி வைக்கும் குடமாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. குடத்தை வெயிலில் வைத்தாலும் நிழலில் வைத்தாலும், விளிம்பு வரை நிரப்பினாலும் அரைகுறையாக விட்டாலும் குடத்துக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரிக்குள் இருப்பவை ஒன்றோடொன்று வினைபுரியும் பொருள்கள். அவற்றுக்குப் பட்டைப் போலவே ஒரு பதம் உண்டு.

முதலில் பெட்ரோல் ஸ்கூட்டரின் பேட்டரியைப் பார்த்துவிடுவோம். இருக்கைக்குக் கீழேயோ கால் வைக்கும் பலகைக்குக் கீழேயோ உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பெட்டி அது. பெரும்பாலும் நாலைந்து ஆம்பியர்-மணி கொள்ளளவு. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்டே செய்து காட்டிய அதே வேதியியல்தான் இன்றும் அதற்குள் நடக்கிறது. ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறை 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். ஆறு அறைகளைக் கோத்தால் முழுச் சார்ஜில் 12.6, 12.7 வோல்ட். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் கரைந்து மறுபடி அமிலமாகிறது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிதில்லை. 2012-ஐ ஒட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில் நம் ஊர்களில் பலரும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். சார்ஜ் ஏறும்போது தண்ணீர்தான் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது, அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும். கிணற்று நீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். இன்றைய ஸ்கூட்டர்களில் வருவது மூடி முத்திரையிட்ட வகை. அதைத் திறக்கக் கூடாது, திறந்து ஊற்றவும் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அது ஏன் சாகிறது? ஈய சல்பேட் புதிதாகப் படியும்போது நுண்ணிய பொடியாக இருக்கும், எளிதில் கரையும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டுவிட்டால், பாகில் தொங்கவிட்ட நூலில் கற்கண்டு விளைவதைப் போல அந்தப் பொடி பெரிய பெரிய படிகங்களாக வளர்ந்துவிடும். அப்படி இறுகியது எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி நிரந்தரமாக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறது. ஆக, ஈய பேட்டரியைக் கொல்வது உழைப்பைவிடப் பட்டினிதான்.

ஆரணி போன்ற ஊரில் இந்தப் பட்டினி மிக நைசாக வருகிறது. வீட்டிலிருந்து சாயக்கடை, அங்கிருந்து முதலாளி கடை, அங்கிருந்து கூட்டுறவுச் சங்கம், பிறகு காந்தி சாலையில் காய்கறி. ஒவ்வொன்றும் அரைக் கிலோமீட்டர், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு செல்ஃப் ஸ்டார்ட். ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளில் உறிஞ்சியதை இன்ஜின் திருப்பித் தருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது போளூர் வரையோ கண்ணமங்கலம் வரையோ ஒரே ஓட்டமாக ஓட்டினால் அதற்கு வயிறு நிறையும். கிக்கர் உள்ள வண்டியாக இருந்தால் காலையில் முதல் தடவை உதைத்தே கிளப்புவது நல்ல பழக்கம்.

பத்து நாள் கல்யாண வேலையில் நிறுத்திவைத்த என் வண்டி ஒருநாள் கிளம்பவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.4 காட்டியது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் தம்பியிடம் வாதாடினேன். "சும்மா இருக்கும்போது வோல்ட்டு காட்டும்ணா. செல்ஃப் அடிச்சுக்கினே பாருங்க" என்றான். பொத்தானை அழுத்தினேன், மீட்டர் எட்டுக்குக் கீழே சரிந்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போதும் பத்து வோல்ட்டை ஒட்டி நின்றால் பேட்டரி தேறும். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். ஓய்வில் காட்டும் அளவு, மூட்டையைத் தூக்காமல் நிற்பவரின் பலத்தைப் பார்த்து மதிப்பிடுவது மாதிரி. இன்ஜின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அது வராவிட்டால் கோளாறு சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கிறது. புது பேட்டரி போட்டாலும் அதுவும் சில வாரங்களில் பட்டினியில் விழும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைமாசு விதி வந்ததிலிருந்து வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் பம்ப் வந்துவிட்டது. அந்தப் பம்புக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு செத்துவிட்டால் உதைத்தும் கிளப்ப முடியாமல் போகலாம்.

மாற்றும்போது ஒரே ஒரு ஒழுங்கு முக்கியம். கழற்றுகையில் கறுப்பு வயர் முதலில். மாட்டுகையில் சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் கறுப்போடுதான் சேர்ந்திருக்கிறது. கறுப்பு இணைந்திருக்கும்போது சிவப்பைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும், கை பொசுங்கும். மாட்டி முடித்ததும் முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவினால் பச்சை பூக்காது. பழையதைக் கடைக்காரரிடமே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பெரும்பங்கு ஈயம். கொல்லையில் உடைத்து உருக்குகிறவர் கைக்கு அது போனால், அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைத் தொடும். பாதிப்பு இல்லாத ஈய அளவு என்று குழந்தைகளுக்கு ஒன்று கிடையவே கிடையாது.

இனி மாமாவின் வண்டி. அதற்குள் இருப்பது லித்தியம்-அயனி. அதைப் புரிந்துகொள்ள ஆரணிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம், சேலையின் ஜரிகையைப் பார்த்தாலே போதும். சூரத்திலிருந்து வரும் ஜரிகையில் பட்டு நூலின் மேல் சன்னமான வெள்ளித் தகட்டைச் சுற்றி, தங்கக் கரைசலுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கரைசலில் மிதக்கும் தங்க அயனிகள் மின்னோட்டத்தின் இழுப்பில் வெள்ளியின் மேல் வந்து அமர்கின்றன. மின்சாரம் தள்ள, அயனி நகர்ந்து, மறுபக்கத்தில் படிவது, இதைத்தான் மின்வேதியியல் என்கிறோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் துறைக்கென்றே எழுந்தது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஒரு வள்ளல் எதற்காக இதைக் கேட்டு வாங்கினார் என்பதை இன்றைய ஒவ்வொரு கைப்பேசியும் ஸ்கூட்டரும் சொல்கிறது.

ஜரிகையில் தங்கம் ஒருமுறை அமர்ந்தால் அங்கேயே இருந்துவிட வேண்டும். பேட்டரியில் லித்தியம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் உலோக ஆக்சைடு அடுக்குகளை விட்டுக் கிளம்பி, கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. வண்டி ஓடும்போது வந்த வழியே திரும்புகின்றன. தறியில் நாடா இடமும் வலமும் ஓடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதனுள் இருக்கும் கண்டிலிருந்து கொஞ்சம் நூல் துணியில் தங்கிவிடுகிறது அல்லவா, இங்கேயும் அப்படித்தான். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் கடுகளவு லித்தியம் அதில் சிக்கி, திரும்பாமல் போகிறது. அந்தப் படலம் தேவையானது, அது இல்லாவிட்டால் அயனிகள் கடந்து போகும் திரவம் முழுவதும் சிதைந்துவிடும். ஆனால் அது எவ்வளவு வேகமாகத் தடிக்கிறதோ அவ்வளவு வேகமாக பேட்டரிக்கு வயதாகிறது.

அந்த வேகத்தை முடிவு செய்பவை இரண்டு. முதலாவது சூடு. பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேலே. ஓடி வந்த வண்டியின் பேட்டரி தன் சூட்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த நிலையில் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறும் சூடும் கூடிக்கொள்ளும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு உறைபனியில் சார்ஜ் ஏற்றும் பயம் உண்டு. நமக்கு அது இல்லை, நம் பயமெல்லாம் வெயில்தான். இரண்டாவது, விளிம்புகள். முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தமும் வெயிலும் சேர்ந்து பகல் முழுக்க நீடிப்பதைப் போல அதற்குக் கெடுதல் வேறில்லை. அடிமட்டத்துக்கு இறக்கிப் பல நாள் விடுவதும் அதே அளவு கெடுதல். நடுவில் இருக்கும்போதுதான் அது நிம்மதியாக இருக்கிறது.

ஆகவே மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான். வந்ததும் செருகாதீர்கள், ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். அன்றாட ஓட்டத்துக்கு எண்பது போதும். இருபதுக்குக் கீழே போக விடாதீர்கள். வெளியூர் போகும் நாளில் நூறு ஏற்றுங்கள், ஏற்றியதும் கிளம்பிவிடுங்கள். பாவு விரிக்க எழும் நேரத்துக்குச் செருகுங்கள். அப்போது காற்றும் குளிர்ந்திருக்கும், நீங்களும் விழித்திருப்பீர்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் கெட்டுவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியின் குணம். லித்தியத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது.

எண்பதுக்கு மேல் ஏன் மெதுவாக ஏறுகிறது என்று கேட்டார். தியேட்டரில் முதலில் வருபவர்கள் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அரங்கு நிறைந்த பிறகு வருபவர் இடம் தேட வேண்டும். கிராஃபைட் நிரம்பும்போது சார்ஜர் வோல்ட்டை உயர்த்தாமல் நிறுத்திக்கொண்டு, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. அவசரப்படுத்தினால் உள்ளே நுழைய இடமில்லாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும்.

எண்பதோடு நிறுத்தும் இந்தக் கணக்குக்கு, எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஒரு விதிவிலக்கு. 1997-இல் டெக்சாஸில் பேட்டரி அறிவியலாளர் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து அதை உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி, இந்தியர். உடன் எழுதியவர்களில் நஞ்சுண்டசுவாமியும் ஒருவர். 2019-இல் லித்தியம்-அயனி பேட்டரிக்காக நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் போனபோது பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற பெயர்கள் நம் வீடுகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இந்த வகையில் ஒரு செல் 3.2 வோல்ட்தான். எடை கூடுதல், ஆயுளும் கூடுதல், சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தொண்ணூறில் இருந்து இருபது வரை அதன் வோல்ட் அநேகமாக ஒரே மட்டத்தில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று வண்டியால் சரியாகக் கணிக்க முடியாது. எப்போதாவது ஒருமுறை நூறு வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும்; செல்களும் சமநிலைக்கு வரும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு? மூன்று யூனிட் பேட்டரியை நிரப்ப, சார்ஜரில் வீணாகும் சூட்டையும் சேர்த்து மூன்றரை யூனிட் ஆகும். நாளுக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 45 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கினார்கள், இது அதில் கிட்டத்தட்டப் பாதி.

இப்போது சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். ஆரணியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரில், 2022 மார்ச் கடைசி வாரத்தில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். உயிரைக் கொண்டுபோனது புகை. நம் தெருவில் எத்தனை வீடுகளில் வாசல்படியை ஒட்டிய நடையில் வண்டி நிற்கிறது, உள்ளே எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று அன்று நான் எண்ணிப் பார்த்தேன். நெசவாளர் வீட்டுக்கு ஒரே வாசல். உள்ளே தறி, பட்டு நூல், பாவு, மரச் சட்டம்.

செல்லுக்குள் எங்கோ குறுக்குத் தொடர்பு ஏற்பட்டால் சூடு எழுகிறது. நூறு டிகிரியை நெருங்கும்போது கிராஃபைட்டின் மேலுள்ள அந்தப் பாதுகாப்புப் படலம் சிதைகிறது. சிதைவதே மேலும் சூட்டை உண்டாக்குகிறது. சுமார் 130 டிகிரியில் இரு பக்கங்களையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் உருகுகிறது. அதற்கும் மேலே போனால் உலோக ஆக்சைடு வகைகள் ஆக்சிஜனைத் தாமே வெளிவிடுகின்றன. எரியத் தேவையான காற்றைத் தானே கொண்டிருக்கும் தீயை மண்ணைக் கொட்டி மூடி அணைக்க முடியாது. ஏராளமான தண்ணீரால் குளிர்விக்க வேண்டும், அது தீயணைப்பு வீரர்களின் வேலை. நச்சுப் புகை நிமிடங்களில் வீட்டை நிறைத்துவிடும். வண்டியையோ சேலைக் கட்டையோ எடுக்கத் திரும்பாமல், எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழைக்க வேண்டும்.

அந்த ஆண்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியை இறுக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு செல் எரிந்தால் அடுத்ததற்குப் பரவுவதைத் தடுப்பது, முன்கூட்டியே எச்சரிப்பது, தண்ணீர் புகாமல் காப்பது எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் தெருவில் ஓடுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுப் பக்கத்தில் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. வெளியேறும் ஒரே வழியை மறித்து வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். தாழ்வாரமோ வெளித்திண்ணையோ நல்லது. சார்ஜர் நாலைந்து மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும். கைப்பேசிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பலகையின் மெல்லிய வயரும், ஆடிப்போன பிளக் ஓட்டையும் அதைத் தாங்காது. பத்து நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் தனியாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருவது. பழைய ஈய பேட்டரி வண்டிக்கு லித்தியம் பேக் மாற்றிக்கொண்டு, சார்ஜர் மட்டும் பழையதையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டின் மேலும் 60 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும், பிளக்கும் பொருந்தும். ஐந்து ஈய பேட்டரிகளுக்கான சார்ஜர் 73 வோல்ட் வரை ஏற்றும். 16 செல் கோத்த லித்தியம் பேக் 67.2 வோல்ட்டில் நின்றாக வேண்டும். அந்த இடைவெளியில் உயிர் போகும்.

கடைசியில் மாற்றும் நாள் வரும். முதலில் தந்த தூரத்தில் எழுபது, எண்பது சதவீதம்தான் வருகிறது என்றால் பேட்டரி மூப்படைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் ஓட்டத்துக்கு அது போதுமென்றால் மாற்ற அவசரமே இல்லை. உத்தரவாதம் வண்டிக்கு வண்டி மூன்றிலிருந்து எட்டு ஆண்டு வரை வேறுபடுகிறது. முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

"மொத்தமா ஏன்ணா மாத்தணும், செத்த செல்லை மட்டும் மாத்தித் தர்றோம்" என்று சொல்லும் கடைகள் இப்போது வந்துவிட்டன. இது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், அதிலும் நெசவாளர் காதுக்கு. தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைப்பதுதானே வழக்கம். இழைக்கு அது சரி. பிணைத்த பிறகு புதியது தன் பலத்தோடுதான் இருக்கும். தொடராகக் கோத்த செல்கள் அப்படி இருப்பதில்லை. எல்லாவற்றின் வழியேயும் ஒரே மின்னோட்டம் போக வேண்டும். மூத்த செல் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். காவலுக்கு இருக்கும் மின்னணுச் சுற்று அதைப் பார்த்து மொத்த பேக்கையும் நிறுத்தும். அந்தச் சுற்று தரமில்லாததாகவோ, தொல்லை என்று கழற்றப்பட்டோ இருந்தால், மூத்த செல் அளவுக்கு மீறி ஏறவும் இறங்கவும் செய்து சூடாகும். வயதும் அளவும் ஒன்றான செல்களாகத் தேர்ந்தெடுத்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, சோதித்துத் தருவது பெரிய வேலை. சாலையோரக் கடையின் மேசையில் சால்டரிங் இரும்பால் செல்லின் மேலேயே பற்றவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு உள்ளே என்ன செய்திருக்கும் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

மாமாவின் பேக் மாற்றும் நிலைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. வரும்போது, 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விற்ற கடையிலேயே கொடுத்து ரசீது வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் விடிகாலையில் அந்தத் தெரு வழியாக வந்தேன். பாவு விரித்திருந்தார்கள். திண்ணையோரம் வண்டி சார்ஜில் இருந்தது, திரையில் எழுபத்தி நாலு. கஞ்சிக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்த மாமா, "எண்பது ஆனதும் புடுங்கிடறேன், நீ போ" என்றார்.